அமைதியான பாதை தானாக அமைவதில்லை

மிதிவண்டியில் நெடுந்தூரம் செல்பவரிடம் எது உங்களுக்குக் களைப்பைத் தந்தது என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு பதில்கள் வரும். ஒன்று, ஏற்றம். மற்றொன்று, பின்னாலிருந்து உறுமிக்கொண்டு வரும் வண்டிகள். முதலாவது கால்களைச் சோர்வடையச் செய்கிறது, இரண்டாவது மனத்தை.

இந்த இரண்டு தொல்லைகளும் இல்லாமல் நாட்கணக்கில் மிதிவண்டியில் செல்லக்கூடிய பாதைகள் பிரான்சு நாட்டின் கிராமப்புறங்களில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு இருக்கின்றன. ஒரு பக்கம் திராட்சைத் தோட்டம், மறுபக்கம் கால்வாய். சக்கரம் உருளும் ஓசையும் பறவைகளின் குரலும் தவிர வேறு சத்தம் இல்லை. படங்களைப் பார்ப்பவர்கள், "ஆகா, இயற்கை எவ்வளவு அழகு!" என்பார்கள். இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த அமைதியில் இயற்கையின் பங்கு பாதிதான். மறுபாதி, மனிதர் கணக்குப் போட்டு, மண்ணை வெட்டி, சட்டம் இயற்றி உண்டாக்கியது. எப்படி என்று பார்ப்போம்.

குதிரைக்காகப் போட்ட பாதை

தென் பிரான்சில் துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலை ஒட்டிய தோ காயல் வரை 240 கி.மீ. நீளமுள்ள கால்வாய் ஒன்று ஓடுகிறது. அதன் பெயர் மிடி கால்வாய். 'மிடி' என்றால் பிரெஞ்சு மொழியில் தென்னாடு என்று பொருள். பதினான்காம் லூயி மன்னரின் காலத்தில், 1666 முதல் 1681 வரை இதை வெட்டினார்கள். திட்டத்தை வகுத்து நடத்திய பியேர் போல் ரிக்கே தொழில்முறைப் பொறியாளர் அல்லர். உப்பு வரி வசூலிக்கும் பொறுப்பில் இருந்தவர். கால்வாய் முடிவதற்குச் சில மாதங்கள் முன்பு, 1680-இல் அவர் இறந்துபோனார்.

அந்தக் காலத்தில் படகுக்கு எந்திரம் ஏது? கரையில் நடக்கும் குதிரை கயிற்றால் படகை இழுத்துச் செல்லும். அதற்காகக் கால்வாய் நெடுகிலும் ஒரு தடம் வேண்டியிருந்தது. கால்வாயின் நீர்மட்டம் சமமாக இருந்தே தீர வேண்டும். ஆகவே அதை ஒட்டிச் செல்லும் தடமும் சமமாகவே அமைந்தது. உயரம் மாற வேண்டிய இடங்களில் மட்டும், கதவுகள் உள்ள நீர்ப்பூட்டுகளைக் கட்டிப் படகுகளை ஏற்றி இறக்கினார்கள்.

துலூஸிலிருந்து கால்வாயின் மிக உயர்ந்த இடமான நோரூஸ் வரை ஏறக்குறைய 52 கி.மீ. தூரம். இந்தத் தூரத்தில் மொத்த ஏற்றம் வெறும் 57 மீட்டர்! 1,000 மீட்டர் சென்றால் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். இன்று குதிரைகளும் இல்லை, சரக்குப் படகுகளும் இல்லை. துலூஸிலிருந்து சுமார் 50 கி.மீ. வரை அந்தக் குதிரைத் தடம் செம்மையான மிதிவண்டிப் பாதையாக இருக்கிறது.

புகைவண்டி விட்டுச் சென்ற பாதை

அடுத்தது இருப்புப்பாதை. 1879-இல் பிரான்சின் பொதுப்பணி அமைச்சர் ஃப்ரெய்சினே கொண்டுவந்த திட்டத்தின்படி, சிற்றூர்களுக்கெல்லாம் புகைவண்டிப் பாதை போடத் தொடங்கினார்கள். பிறகு பேருந்தும் லாரியும் காரும் வந்தன. இருபதாம் நூற்றாண்டில் அந்தச் சிறு பாதைகள் பலவற்றில் வண்டிகள் நின்றுபோயின. தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள்.

ஆனால், தண்டவாளம் போனாலும் தடம் போகவில்லை. எஃகுச் சக்கரத்துக்கும் எஃகுத் தண்டவாளத்துக்கும் இடையே உராய்வு மிகக் குறைவு என்பது உங்களுக்குத் தெரியும். செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும். ஆகவே இருப்புப்பாதையில் பொதுவாக 100 மீட்டருக்கு ஓரிரு மீட்டருக்கு மேல் ஏற்றம் வைப்பதில்லை. மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தை நிரப்பினார்கள், மலையைக் குடைந்தார்கள்.

பர்கண்டிப் பகுதியில் ஜிவ்ரி, க்ளூனி என்ற இரண்டு ஊர்களுக்கு இடையே இப்படிக் கைவிடப்பட்ட 44 கி.மீ. தடத்தை 1997-இல் மிதிவண்டிப் பாதையாகத் திறந்தார்கள். இத்தகைய பாதைகளைப் பிரெஞ்சுக்காரர்கள் 'பசுமை வழி' என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். பழைய நிலையங்களையும் பாலங்களையும் கடந்து செல்லும் பாதை இது. க்ளூனிக்குத் தெற்கே அதன் தொடர்ச்சியில் 1.6 கி.மீ. நீளமுள்ள பழைய சுரங்கவழி ஒன்று உள்ளது. அதற்குள்ளும் மிதிவண்டியில் போகலாம். குளிர்காலத்தில் மட்டும் அதை மூடிவிடுவார்கள். காரணம், அங்கே உறங்கும் வௌவால்களை யாரும் தொந்தரவு செய்யக்கூடாது!

ஒரு சிறு கணக்கு

சமதளம் என்பது எவ்வளவு பெரிய வசதி? வாருங்கள், கணக்கிடுவோம்.

ஆள், மிதிவண்டி, மூட்டை எல்லாம் சேர்ந்து 90 கிலோகிராம் என்று கொள்வோம். எடை ஏறக்குறைய 900 நியூட்டன். நல்ல சமதளத்தில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்லும்போது, சக்கரம் உருள்வதற்கான எதிர்ப்பு, காற்றின் எதிர்ப்பு இரண்டும் சேர்ந்து சுமார் 10 நியூட்டன்தான். இந்த வேகம் நொடிக்கு 4.2 மீட்டர். ஆகவே தேவையான திறன் 42 வாட். இது பள்ளி மாணவராலும் மணிக்கணக்கில் தரக்கூடிய திறன்.

இப்போது 100 மீட்டருக்கு 3 மீட்டர் உயரும் சாலையில் ஏறுங்கள். எடையில் நூற்றில் மூன்று பங்கு, அதாவது 27 நியூட்டன், கூடுதலாகச் சேர்கிறது. மொத்தம் 37 நியூட்டன். அதே வேகத்தில் செல்ல 155 வாட் வேண்டும். கண்ணுக்குச் சிறியதாகத் தெரியும் ஏற்றம், உழைப்பை ஏறக்குறைய நான்கு மடங்காக்கிவிடுகிறது! கியர் இருந்தால் மெதுவாக, கால் வலிக்காமல் ஏறலாம். ஆனால் மேலே ஏறுவதற்கான மொத்த வேலையைக் கியர் குறைப்பதில்லை. மிடி கால்வாயின் தடத்திலோ ஏற்றத்துக்காகச் சேரும் விசை ஒரு நியூட்டன் அளவுதான்.

அப்படியானால், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் குதிரைக்காக மண் வெட்டியவர்கள் இன்று மிதிவண்டி மிதிப்பவரின் உழைப்பையும் குறைத்துவிட்டார்கள் என்று சொல்லலாம் அல்லவா?

சத்தத்தின் கணக்கு வேறு

இனி அமைதிக்கு வருவோம். "தனிப் பாதை எதற்கு? சாலையில் வண்டிகளைக் குறைத்தால் போதுமே" என்று சிலர் கேட்கலாம். ஒலியின் கணக்கு அப்படி இல்லை. ஒலியை அளக்கும் டெசிபெல் என்பது மடக்கை அளவு. சாலையில் வண்டிகளைப் பாதியாகக் குறைத்தால் சத்தம் 3 டெசிபெல்தான் குறையும். அந்த வேறுபாடு காதுக்குச் சற்றே புலப்படும். சத்தம் பாதியானதுபோலத் தோன்ற 10 டெசிபெல் குறைய வேண்டும். அதற்கு வண்டிகள் பத்தில் ஒரு பங்காக வேண்டும்!

"மின்சாரக் கார்கள் வந்துவிட்டால்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நகரத்தின் மெதுவான போக்குவரத்தில் அவை நல்ல பயன் தரும். ஆனால் மணிக்கு சுமார் 50 கி.மீ. வேகத்தைத் தாண்டினால், நமக்குக் கேட்பது பெரும்பாலும் எந்திரத்தின் சத்தமன்று. டயர் சாலையில் உரசும் சத்தம். மின்சாரக் காருக்கும் டயர் உண்டு.

ஆபத்தின் கணக்கையும் பாருங்கள். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் 1,200 கிலோகிராம் காரின் இயக்க ஆற்றல், நம் மிதிவண்டிக்காரரின் இயக்க ஆற்றலைப்போல ஏறக்குறைய 380 மடங்கு. ஊருக்கு வெளியே மிதிவண்டியைக் கடக்கும் வண்டி குறைந்தது 1.5 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனாலும் 380 மடங்கு ஆற்றலுக்கு முன்னால் 1.5 மீட்டர் எம்மாத்திரம்? பிரித்து வைப்பதே உறுதியான பாதுகாப்பு என்பது என் கருத்து. 2004-ஆம் ஆண்டு ஆணை ஒன்று பசுமை வழிக்கு இலக்கணம் வகுத்தது: மோட்டார் இல்லாத வண்டிகள், நடப்பவர்கள், குதிரையில் செல்பவர்கள் ஆகியோருக்கு மட்டுமே உரிய பாதை அது.

மறுப்பவர்கள் சொல்வது என்ன?

எல்லாப் பாதைகளும் இப்படித் தனியாக இல்லை. லுவார் ஆற்றை ஒட்டிச் செல்லும் ஏறக்குறைய 900 கி.மீ. மிதிவண்டி வழியில் பல பகுதிகள், வண்டிகள் குறைவாக ஓடும் சிறு சாலைகளே. தனிப் பாதை போட இடமில்லாத ஊரில் இதுவும் நல்ல வழிதான்.

"சுற்றுலா வருபவர்களுக்காக இவ்வளவு செலவா?" என்றும் கேட்கிறார்கள். செலவில் மிகப் பெரிய பகுதியான மண் வேலையும் பாலமும் சுரங்கமும் முன்னோர் காலத்திலேயே முடிந்துவிட்டன. மேலும், சக்கர நாற்காலியில் செல்பவர், முதியவர், பள்ளிக்குச் செல்லும் சிறுவர் எல்லோருக்கும் ஏற்றமில்லாத பாதை பயன்படும்.

இன்னொரு மறுப்பு வலுவானது. "இருப்புப்பாதையை மிதிவண்டிப் பாதையாக்கிவிட்டால், புகைவண்டி திரும்பி வராதே!" பிரான்சிலும் இந்த வாதம் நடக்கிறது. வண்டி ஓட வாய்ப்புள்ள தடத்தில் புகைவண்டிக்கே முதல் உரிமை என்று நானும் சொல்வேன். ஆனால் வாய்ப்பே இல்லாத தடத்தை என்ன செய்வது? துண்டு துண்டாக விற்றுவிட்டால் நடுவில் ஒரு வீடு எழும். ஒரு பாலம் இடிபடும். நீண்ட தடம் அறுந்துபோகும். அறுந்த தடத்தை மறுபடி சேர்ப்பது எளிதன்று. மிதிவண்டிப் பாதையாக இருந்தாலோ, தடம் முழுமையாகப் பொதுமக்கள் கையில் இருக்கும். நாளைய தலைமுறை வேறு முடிவு எடுக்கவும் இடமிருக்கும்.

காக்காவிட்டால் நிலைக்காது

மிடி கால்வாயின் கரைகளில் ஏறக்குறைய 42,000 பிளேன் மரங்கள் நின்று நிழல் தந்தன. அவற்றின் வேர்கள் கரையையும் பிடித்து நிறுத்தின. 2006-இல் அம்மரங்களில் ஒரு பூஞ்சை நோய் காணப்பட்டது. மரங்கள் வரிசையாக, ஒரே இனமாக நின்றதால், ஒன்றையொன்று தொட்ட வேர்கள் வழியாகவும் நோய் பரவியது. ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி எரிக்க வேண்டியதாயிற்று. இப்போது ஒரே இனத்தை நம்பாமல் பல இன மரங்களை நடுகிறார்கள். இன்று நடும் கன்றின் நிழலில் செல்லப்போகிறவர்கள் இன்னும் பிறக்கவில்லை!

மாணவர்களே, அறிவியல் என்றதும் புதியதைக் கண்டுபிடிப்பதே நம் நினைவுக்கு வருகிறது. பழையதன் பயனைக் கண்டறிந்து காப்பதும் அறிவியல்தான். உங்களில் பலர் நாளை பொறியாளராகவும், சாலை போடுபவராகவும், சட்டம் இயற்றுபவராகவும் ஆவீர்கள். பயன்படாத பழைய தடம் ஒன்று உங்கள் மேசைக்கு வரைபடமாக வரும். "விற்றுவிடலாம்" என்று ஒருவர் சொல்வார். கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்தத் தடத்தின் ஏற்றம் எவ்வளவு என்று ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்.