நினைவிழந்தவர் யார்?

நினைவை இழந்த நாயகன். நகரெங்கும் அவனைத் தேடி அலையும் பகைவர் கூட்டம். இக்கதை நமக்குப் புதிதன்று. 2005-ஆம் ஆண்டு வெளிவந்த ‘கஜினி’ திரைப்படத்தில், பதினைந்து நிமிடங்களுக்கு மேல் எதுவும் மனத்தில் நிற்காத சஞ்சய் ராமசாமியாக சூர்யா வந்தார். மறக்கக் கூடாதவற்றை உடம்பிலேயே பச்சை குத்திக்கொண்டார். நாமும் கைதட்டி ரசித்தோம். ரசிப்பதில் தவறில்லை. ஆனால், நம் பேரா மண்ணில் உண்மையாகவே வேட்டையாடப்பட்ட நாயகி ஒருவர் இருந்தாரே, அவரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர்தான் சிபில் கார்த்திகேசு. யுரேசியக் குடும்பத்தில் பிறந்த தாதி. இலங்கைத் தமிழ் வழிவந்த மருத்துவரை மணந்து ஈப்போவில் மருந்தகம் நடத்தியவர். ஜப்பானியர் படையெடுத்தபோது குடும்பம் பாப்பான் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. காட்டிலிருந்து இரவில் வந்த எதிர்ப்புப் படையினரின் காயங்களுக்கு அங்கே அவர் இரகசியமாக மருந்திட்டார். தடை செய்யப்பட்ட வானொலியை ஒளித்து வைத்துச் செய்தி கேட்டார். 1943-இல் ஜப்பானியர் அவரைக் கைது செய்தனர்.

சிந்தித்துப் பாருங்கள்! சித்திரவதை செய்தவர்கள் கேட்டது அவருடைய நினைவைத்தான். யார் வந்தார்கள்? எங்கே இருக்கிறார்கள்? பெற்ற மகளைக் கண்முன்னே மரத்தில் கட்டித் தொங்கவிட்டபோதும் அவர் வாய் திறக்கவில்லை. எல்லாம் நினைவிருந்தும், ஒன்றும் அறியாதவரைப் போல் பிறர் உயிரைக் காத்தார். போருக்குப் பின் பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கியது. உடல் தேறாமலேயே 1948 ஜூன் மாதம் அங்கேயே காலமானார். இன்று ஈப்போவில் அவர் பெயரில் ஒரு சாலை உண்டு. பெயர்ப்பலகையைப் படித்துவிட்டுக் கடந்து போகிறவர்களே மிகுதி.

பதக்கம் பெற்றவருக்கே இந்த நிலை என்றால், பெயர்ப்பலகையும் இல்லாதவர்களின் கதி என்ன? நான் பிறந்த ஹுத்தான் மெலிந்தாங் போன்ற ஊர்களின் தோட்டப்புறங்களில், ஜப்பானியர் காலத்தை வாழ்ந்து கடந்தவர்களின் கதைகள் இன்னும் வாய்மொழியாகவே உலவுகின்றன. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர்களில் பல்லாயிரவர் திரும்பவே இல்லை. அன்று குழந்தைகளாக இருந்தவர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களோடு அந்தப் பெயர்களும் போய்விடும். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வருகின்றன. தோட்டத்தின் பெயரே மறையும்போது, அங்கே வாழ்ந்தவர்களின் பெயர் எங்கே நிலைக்கும்?

நாயகர்கள் நினைவிழக்கவில்லை, இழந்துகொண்டிருப்பது சமுதாயமாகிய நாம்தான். இதற்கு மருந்தும் நம் கையிலேயே இருக்கிறது. தமிழ் பயிலும் நாம் ஒவ்வொருவரும் அடுத்த விடுமுறையில் ஒரே ஒரு முதியவரிடம் அமர்ந்து பேசுவோம். பெயர், தோட்டம், ஆண்டு, நடந்தது ஆகியவற்றை அவர் சொன்னபடியே எழுதி வைப்போம். உடம்பில் பச்சை குத்த வேண்டியதில்லை. ஒரு பேனாவும் கேட்கும் பொறுமையும் போதும்.