கல்கட்டு ஓரமாகத் தனியே நடந்தேன்



"தனியாவா போற புள்ள? யாரப் பார்க்க?"

வட்டகொடையில் இறங்கிக் கொட்டகலைக்குக் கால்நடையாகப் புறப்பட்ட அன்று, வழியில் கண்ட அக்காமார் எல்லோரும் கேட்டது இதைத்தான். "சும்மா நடக்கத்தான் அக்கா" என்றேன். ஒருவரும் நம்பவில்லை.

நான் நடந்தது பெக்கோ ட்ரெயில் என்னும் நடைபாதையின் ஆறாவது பகுதி. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் இப்பாதை 22 பகுதிகளைக் கொண்டது. நீளம் 300 கிலோமீற்றருக்கும் அதிகம். வெளிநாட்டுப் பெண்கள் பையை மாட்டிக்கொண்டு இதில் தனியாக நடக்கிறார்கள். நாமோ நாள்தோறும் கூடையோடு மலை ஏறி இறங்குகிறோம்; நமக்கென்று ஒரு மணி நேரம் நடந்ததில்லை.

தேயிலைக்குள் பழைய கல்கட்டு ஒன்று நீண்டு கிடந்தது. சீமெந்து கிடையாது, கல்லின் மேல் கல். மழைநீர் இடுக்கு வழியே கசிந்து வெளியேறும், மண் நிற்கும். அதுதான் அதன் சூட்சுமம். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதை நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். கல் சுமந்து அடுக்கிய நம் பாட்டன் பூட்டிமாரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

ஓரிடத்தில் கட்டு வயிறு தள்ளி நின்றது. இன்னோரிடத்தில் சரிந்து கானை அடைத்திருந்தது. கான் அடைபட்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். கீழே லயம்! 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பரில் டித்வா புயலில் மலையகம் பட்ட பாட்டையும் நினைத்தபோது கால் நகரவில்லை. ஊருக்கு வந்ததும் தோட்டத்தில் சொன்னேன்.

சகோதரிகளே, கொழுந்து எடுக்கும்போது உங்கள் கண்ணும் அந்தக் கல்கட்டில் இருக்கட்டும். நிலத்தில் புது வெடிப்பு, திடீரென ஊறும் கலங்கல் தண்ணீர், சாயும் மரம் கண்டால் காத்திருக்காதீர்கள். பிள்ளைகளோடு வெளியேறிவிட்டு, கிராம உத்தியோகத்தருக்கோ 117 இலக்கத்துக்கோ சொல்லுங்கள்.

நடக்க ஆசைப்பட்டால் வீட்டில் சொல்லிவிட்டு, மழையில்லாத நாளில், பனிமூட்டம் இறங்குமுன் திரும்புங்கள். குளவிக்கூட்டுப் பக்கம் வேண்டாம்.

"அப்படி என்னத்தக் கண்ட?" என்று அம்மா கேட்டார்.

"நம்ம ஆளுங்க கட்டினதப் பார்த்தேம்மா" என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "அடுத்த தடவ என்னையும் கூட்டிட்டுப் போ" என்றார்.