பரிந்துரையா, தீர்ப்பா?

"உம் பிள்ளைக்கு இங்கு இடமில்லை" என்கிறது பள்ளி. "வேறெங்கே போவோம்?" என்று கலங்குகின்றனர் பெற்றோர். செவி கேளாச் சிறுவனுக்காகவும் எழுத்துக்கூட்டத் தடுமாறும் சிறுமிக்காகவும் எழும் இந்த வழக்கிலே நடுவர் யார், தோழர்களே?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைப் புரட்டுகிறோம். அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் வேற்றுமை பாராது இவர்களைச் சேர்த்திட, அரசு முயல வேண்டும் என்கிறது 16-ஆம் பிரிவு. முயல வேண்டுமாம்! பள்ளி மறுத்தால் மாநில ஆணையரிடம் முறையிடலாம். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்குண்டு. விசாரித்து முடித்து அவர் வழங்குவதோ வெறும் பரிந்துரை! ஏற்க மனமில்லாத அமைப்பு, 3 மாதத்துக்குள் காரணம் எழுதியனுப்பலாம் என இடம் தருகிறது 81-ஆம் பிரிவு. வாள் தந்தார்கள், கூர் தரவில்லை!

அமெரிக்காவிலே 1975-இல் பிறந்த சட்டம், பெற்றோர்க்கு விசாரணை உரிமை தந்தது. அங்கே விசாரணை அதிகாரி அளிப்பது தீர்ப்பு. மேல்முறையீட்டில் மாறினாலன்றி அது பள்ளியைக் கட்டுப்படுத்தும். அங்கும் குறையுண்டு: வழக்குத் தொடுப்பவரே மெய்ப்பிக்க வேண்டுமென 2005-இல் உச்சநீதிமன்றம் உரைத்தது. அச்சுமை பெரும்பாலும் பெற்றோர் தலையிலன்றோ விழும்!

"பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லை" என்பர் பள்ளியார். மெய்யாகவே இருக்கலாம். ஆசிரியராகிய நாமும் அப்பற்றாக்குறையை அறிவோம். அதை மெய்ப்பிப்பது பள்ளியின் பொறுப்பு. ஆசிரியரைத் தருவது அரசின் கடமை. இருவர் குறைக்கும் பிள்ளையா தண்டனை ஏற்பது?

"உயர்நீதிமன்றம் இருக்கிறதே!" என்பாருக்குச் சொல்வோம்: கூலித் தாய் அப்படியேறுமுன் பிள்ளையின் பள்ளிப்பருவம் கழிந்துவிடும். ஆணையரின் முடிவு ஆணையாகட்டும், சட்டம் திருந்தட்டும்!