காயத்ரிக்கு 'எச்' உண்டா, இல்லையா?

செங்கல்பட்டு ட்ரெயின் ஏறுறவங்க, ஒரு நாள் மொபைலை உள்ள வெச்சுட்டு போர்டுகளைப் பாருங்க. கூடுவாஞ்சேரி ஆங்கிலத்தில் ஒரு போர்டுல 'ஐ'யில முடியும், இன்னொண்ணுல 'ஒய்'ல முடியும். குரோம்பேட்டைக்கு நடுவுல ஒரு 'இ' சில இடத்தில் இருக்கும், சில இடத்தில் இருக்காது. அதனால யாரும் வழி தவறிப் போறதில்லை. ஊரை யாரும் அஃபிடவிட் கேட்கிறதும் இல்லை.

என்னைக் கேட்டாங்க. என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் காயத்ரிக்கு 'எச்' உண்டு, ஆதாரில் இல்லை. பிளேஸ்மென்ட் கிடைச்சு, சான்றிதழ் சரிபார்ப்புல வந்த பதில்: 'பெயர் பொருந்தவில்லை.' ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு நோட்டரிகிட்ட எழுதி வாங்க அப்பா ஒரு நாள் லீவு போட்டார். அதுவரைக்கும் என் வேலை தொங்கிட்டு இருந்தது.

அமெரிக்காவில் 1909-ல சிகரெட் பாக்கெட்டோட பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட அட்டைகள் கொடுத்தாங்க. அதுல ஷெர்ரி மகீ என்ற வீரரின் பெயரில் ஒரு 'இ'க்குப் பதிலா 'ஐ' அச்சாகிடுச்சு. அப்புறம் திருத்திட்டாங்க. ஆனா இன்னைக்குச் சேகரிப்பாளர்கள் அதிக விலை கொடுக்கிறது அந்தத் தப்பான அட்டைக்குத்தான்! அங்கே ஒரு எழுத்து மாறினா அட்டைக்கு மதிப்பு கூடுது. இங்கே மாறினா ஆள் மேலேயே சந்தேகம் வருது.

அப்போ எல்லாத்துக்கும் 'சரியான' ஸ்பெல்லிங் ஒண்ணு வெச்சுடலாமேன்னு கேட்பீங்க. 2020 ஜூன்ல தமிழக அரசு அதைத்தான் செஞ்சது. 1,018 ஊர்ப் பெயர்களை உச்சரிப்புக்கு ஏத்த மாதிரி ஆங்கிலத்தில் மாத்தி அரசாணை வெளியிட்டாங்க. வேலூருக்கு முன்னாடி ரெண்டு 'இ' வந்து, எல்லாரும் அதை 'வீலூர்'னு படிச்சுக் கிண்டல் பண்ணாங்க. சில நாள்லயே ஆணை வாபஸ். நம்ம 'த'வுக்கும் 'ழ'வுக்கும் ஆங்கிலத்தில் இடமே இல்லாதப்போ, எந்த ஸ்பெல்லிங்கும் ஒரு குத்துமதிப்புதான்.

நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல எழுதினா நிறைய தப்பு வரும். ஆனா என் பெயரைத் தமிழ்ல எழுதும்போது மட்டும் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. அப்புறம் ஏன் தமிழ்ப் பெயரை மூலமா வெச்சு ஒப்பிடக் கூடாது? பிறந்த தேதி, போட்டோ, அப்பா பெயர் எல்லாம் ஒத்துப்போகும்போது, ஒரு 'எச்' மட்டும் ஏன் தீர்ப்பு சொல்லணும்?

ஃபைனல் இயர் நண்பர்களே, மார்க் ஷீட், ஆதார், பான் கார்டு மூணையும் இன்னைக்கே பக்கத்துல வெச்சுப் பாருங்க. வித்தியாசம் இருந்தா இப்பவே திருத்த ஆரம்பிங்க.

இன்னொண்ணு. நம்மில் பாதிப் பேர் சாஃப்ட்வேர் கம்பெனிக்குத்தான் போகப்போறோம். 'பெயர் பொருந்தவில்லை'ன்னு காட்டுற அந்த கோடை நாளைக்கு எழுதப்போறது நாமதான். எழுதும்போது, நோட்டரி வாசல்ல லீவு போட்டு நிக்கிற ஒரு அப்பாவை நினைச்சுக்கோங்க.