எட்டும் தூரம்

சென்ற மாதம் ஒரு காரியமாக அன்னூருக்குப் போயிருந்தோம். அவிநாசியிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில் உள்ள அவ்வூரில் மன்னீசுவரரைத் தரிசித்துவிட்டு வெளியே வந்தபோது, கம்பும் கம்பும் மோதும் சத்தம் காதில் விழுந்தது. சத்தம் வந்த திக்கில் நடந்தோம். ஊர்ப்புறத்தில் ஒரு களத்துமேட்டில் சிலம்பப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது.

நாம் போய்ச் சேர்ந்த சமயம் ஒரு விசித்திரமான ஜோடி களத்தில் இறங்கிற்று. ஒருபுறம் இருபது வயது வாலிபன். கையில் அவன் நெற்றியளவு உயர்ந்த மூங்கில் கம்பு. மறுபுறம் பதினான்கு வயதுக்கு மேற்படாத ஒரு சிறுமி, கையில் மான்கொம்பு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்த பிறகு மெய்யான கொம்புக்கு இடமில்லை. மரத்தில் கடைந்த கொம்புகள்தாம். ஆயுத நுனிகளில் சுண்ணப்பொடி தடவியிருந்தார்கள். உடம்பில் எங்கே வெள்ளை விழுந்தாலும் ஒரு கணக்கு. மூன்று கணக்கு முதலில் பெறுகிறவருக்கு வெற்றி.

இது என்ன நியாயம் என்று நமக்குத் தோன்றிற்று. அருகில் நின்ற பெரியவர் ஒருவரிடம் அதைச் சொல்லியும்விட்டோம்.

"ஏனுங்க, சண்டைக்கு வாரவன் உங்களைக் கேட்டுட்டா ஆயுதம் எடுத்துட்டு வருவானுங்க?" என்றார் அவர். நாம் வாயை மூடிக்கொண்டோம்.

முதல் கணக்கு கண் இமைக்கும் நேரத்தில் முடிந்தது. சிறுமி முன்னே பாய்ந்தாள். அவள் மணிக்கட்டில் வெள்ளை விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மார்பை நெருங்குவதற்கு முன்பே கையில் அடி விழுந்துவிடுகிறது. யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியம் இல்லை. தாக்க வருகிறவன் உடம்பில் முதலில் எதிரியின் எல்லைக்குள் நுழைவது அவனுடைய கைதான். கம்புக்கும் கொம்புக்கும் நீள வித்தியாசம் இரண்டு முழத்துக்குக் குறையாது. அந்த இரண்டு முழத்தைக் கொம்புக்காரர் காலால் நடந்து கடக்க வேண்டும். கம்புக்காரனோ நின்ற இடத்திலிருந்தே கையை அசைத்தால் போதும். காலைவிடக் கை வேகமானது. ஆகவே நீண்ட ஆயுதம் முந்திக்கொள்கிறது.

இங்கிலாந்தில் ஜார்ஜ் ஸில்வர் என்பவர் 1599-ல் ஆயுத வித்தையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். கைக்கும் காலுக்கும் உள்ள இந்த வேக வித்தியாசத்தை அவரும் வற்புறுத்துகிறார். கூடவே மற்றொன்றும் சொல்கிறார்: ஆளின் உயரத்துக்குத் தக்கபடி ஆயுதத்துக்கு ஓர் அளவு உண்டு, அதற்கு மிஞ்சி நீண்டால், எதிரி உள்ளே புகுந்தபின் அது வெறும் சுமை.

இந்த இரண்டாவது உண்மையை அன்னூர்ச் சிறுமி எந்த நூலும் படிக்காமலே கண்டுகொண்டாள். மூன்றாவது தடவை அவள் பாயவில்லை. கம்பின் நுனி எட்டாத தூரத்தில், ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டாள். வாலிபன் வீசினான், கம்பு காற்றைத்தான் அடித்தது. மறுபடி வீசினான். நுனி அவளைத் தாண்டிப் போன அந்தக் கணத்தில் உள்ளே புகுந்தாள். ஒரு கொம்பு அவன் கைப்பிடிக்கு அருகில் கம்பைத் தடுத்தது. மற்றொன்று மார்பில் வெள்ளை வைத்தது. அத்தனை நீளக் கம்பும் அப்போது அவனுக்கு உதவவில்லை. நான்காவது கணக்கும் அவளுக்கே.

இங்கே நம் மனம் சற்றுத் தெற்கே போயிற்று. 1801 மார்ச் 31-ந் தேதி கும்பினிப் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியபோது, மண் சுவருக்குப் பின்னால் நின்றவர்கள் கையில் பதினெட்டு, இருபது அடி நீளமுள்ள ஈட்டிகள் இருந்தன. சிப்பாய்களின் துப்பாக்கியும் அதன் முனையிலிருந்த சனியனும் சேர்ந்து ஆறடிதான். பீரங்கி பிளந்த இடத்தில் ஏறியவர்கள் ஈட்டிக்கு இரையானார்கள், தாக்குதல் முறிந்தது. அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1830-ல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் இவற்றையெல்லாம் எழுதியிருக்கிறார். ஆனால் மே மாதம் கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்தன. 24-ந் தேதி கோட்டை விழுந்தது. இருபது அடி ஈட்டிக்குப் பீரங்கியின் தூரம் எட்டவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ், ஜனங்கள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று பிரகடனம் செய்தார்.

கொங்கு நாட்டிலும் இதே கதைதான். ஓடாநிலைக் கோட்டையை நோக்கிப் பீரங்கிகள் வருவதை அறிந்து, தீரன் சின்னமலை முன்னதாகவே கோட்டையைவிட்டு வெளியேறினார் என்று இப்பக்கத்தார் சொல்வார்கள். அதைக் கேட்டு இளவயதில் நமக்கு வருத்தமாக இருந்ததுண்டு. இப்போது அப்படித் தோன்றவில்லை. எட்டும் தூரத்தில் நின்று வீணே அடி வாங்காமல் இருப்பதும் வித்தையில் ஒரு பகுதியே. 1805-ல் சங்ககிரிக் கோட்டையில் தூக்குமேடை ஏறியவருடைய நெஞ்சுரத்தைப் பற்றி யார் சந்தேகப்பட முடியும்?

நம்மில் ஒரு சாரார், முன்னோர்கள் வீரமில்லாமல் தோற்றார்கள் என்கிறார்கள். மற்றொரு சாரார், வீரம் ஒன்றே போதும் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். முதலாவது பொய், இரண்டாவது அதைவிட ஆபத்தானது. அன்னூர்ச் சிறுமி முதல் இரண்டு தடவையும் வீரத்தோடுதான் பாய்ந்தாள்; மணிக்கட்டில் வெள்ளைதான் மிஞ்சிற்று. எதிரியின் கை எவ்வளவு நீளம் என்று அறிந்த பிறகே அவளுடைய வீரம் பயன்பட்டது. பரீட்சையானாலும் வியாபாரமானாலும் வீட்டுச் செலவானாலும் இதே கணக்குத்தான் என்று நம் அபிப்பிராயம்.

ஐந்தாவது கணக்கு என்னவாயிற்று என்று நேயர்கள் கேட்பார்கள். வாலிபனும் பாடம் கற்றுக்கொண்டிருந்தான். அவள் உள்ளே புகுந்ததும் ஓரடி பின்வாங்கி, கம்பைக் குறுக்கிப் பிடித்துத் தோளில் தொட்டுவிட்டான். மூன்றுக்கு இரண்டாக அவனே ஜெயித்தான்.

"நாளைக்கு நீ கம்பு எடுத்துக்க, அம்மிணி" என்றார் வாத்தியார்.

"வேண்டாமுங்க, நாளைக்கும் எனக்குக் கொம்பே இருக்கட்டுங்க" என்றாள் அவள், தோளில் இருந்த சுண்ணத்தைத் துடைத்துக்கொண்டே.

மறுநாளும் அன்னூரில் தங்க நமக்கு ஒரு காரணம் கிடைத்தது.