பேகன் போர்வையும் நம்ம பொங்கலும்



பொங்கல் லீவில் ஊர்ப் பூங்காவில் பறவைகளுக்கு விருந்து வைக்கலாம் என்று நம் வகுப்பில் ஒரு பேச்சு நடக்கிறது. சர்க்கரைப் பொங்கல், வடை, முறுக்கு, மிக்சர் என்று ஆளுக்குக் கொஞ்சம் கொண்டுவருவதாகத் திட்டம். விருந்து வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் என்ன வைக்கிறோம், எப்போது வைக்கிறோம் என்பதில் என் கருத்து வேறு.

நம் மாவட்டத்துப் பழனிதான் அந்தக் காலத்துப் பொதினி. அதை ஆண்ட பேகன், மயில் குளிரில் நடுங்குகிறது என்று நினைத்துப் போர்வை கொடுத்தார். கடையெழு வள்ளல்களில் அவரும் ஒருவர் என்று படித்திருக்கிறோம். அவர் மனசு பெரிய மனசு. ஆனால் யோசித்துப் பாருங்கள், மயிலுக்கு இறகே போர்வைதானே! மனசு பேகனைப் போல இருக்கட்டும். கொடுக்கிற பொருள் மட்டும் பறவைக்கு வேண்டியதாக இருக்கட்டும்.

வடை, முறுக்கு, மிக்சர் எல்லாவற்றிலும் உப்பும் எண்ணெயும் இருக்கு. குருவியின் சின்ன உடம்பு அவ்வளவு உப்பைத் தாங்காது. பால் பறவைகளுக்குச் செரிக்காது. நெய்யும் வெல்லமும் இறகில் ஒட்டிக்கொள்ளும். மிஞ்சிய சோறு வெயிலில் கெட்டுப்போனால் அதைத் தின்கிற பறவைக்கு நோய் வரும். ராத்திரி எலியும் நாயும் வரும். அப்புறம் பூங்காவே நாறிப் போகும்.

அப்போ எதைத்தான் வைப்பது? நம் பெரியவங்களே வழி காட்டியிருக்காங்க. தஞ்சாவூர்ப் பக்கம் புது நெற்கதிரை அழகாகப் பின்னி, குருவி கொத்தித் தின்ன வீட்டு வாசலில் தொங்கவிடுவது பழைய வழக்கம். கடல் தாண்டி நார்வே நாட்டிலும் கிறிஸ்துமஸ் சமயம் ஓட்ஸ் கதிரைக் கட்டாகக் கட்டிப் பறவைகளுக்காக வெளியே வைக்கிறார்கள். நமக்கு நெல் எதற்கு? நம் காட்டில் விளையும் சோளக் கதிரும் கம்பங்கதிருமே போதும். நாலு கதிரைச் சணலில் கட்டி வேப்பமரக் கிளையில் தொங்கவிட்டால் செலவும் இல்லை, குப்பையும் இல்லை.

இங்கே ஒரு கேள்வி வரும். "காட்டுல தகரம் தட்டி விரட்டுறோம், பூங்காவுல கூப்பிட்டு விருந்தா?" என்று வீட்டில் கேட்பார்கள். அது நியாயமான கேள்விதான். மயில் கூட்டம் இறங்கினால் ஒரு காலையில் எவ்வளவு வெள்ளாமை வீணாகும் என்று விவசாயி பிள்ளைகளான நமக்குத் தெரியும். அதனால் தானியத்தைத் தரையில் கொட்டக் கூடாது. கொஞ்சமாக, உயரத்தில் கட்டணும். இன்னொன்றும் சொல்லணும். தானியம் தின்கிற சிட்டுக்குருவி தன் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் பிடித்துவந்து ஊட்டுகிறது. கரிச்சான் நாள் முழுக்கப் பூச்சி பிடிக்கிறது. அதுங்க கூலி கேட்காமல் நம் காட்டில் வேலை செய்யுதுங்க.

அடுத்தது காலம். நார்வேயில் கிறிஸ்துமஸ் சமயம் பனி மூடிக் கிடக்கும், இரை கிடைக்காது. அதனால் அங்கே அப்போது வைப்பது சரி. நமக்குத் தை மாதம் அறுவடைக் காலம். களத்தில் சிந்தியதே குருவிக்குப் போதும். பங்குனி, சித்திரையில்தான் குளம் காய்ந்து காடு வெறுமையாகக் கிடக்கும். அன்றைக்கு நம் சர்க்கரைப் பொங்கலும் இருக்காது, நாமும் இருக்க மாட்டோம். வருஷத்தில் ஒரு நாள் விருந்து வைத்துவிட்டு, தண்ணீர் இல்லாத நாளில் திரும்பிப் பார்க்காமல் இருந்தால் அந்த விருந்து பறவைக்கா, நம் சந்தோஷத்துக்கா?

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977-ல் அறிவிக்கப்பட்டது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் பயப்படும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் வெடி ஆசை இருக்கும்தானே? ஆனாலும் வருஷா வருஷம் விட்டுக்கொடுக்கிறார்கள். வனத்துறையும் அவர்களுக்கு இனிப்பு கொடுத்துப் பாராட்டுகிறது. ஒரு ஊரே செய்வதில் கொஞ்சமாவது நாம் செய்யக் கூடாதா?

என் வேண்டுகோள் மூன்று.

1. பொங்கலுக்குக் கதிர் மட்டும் கட்டுவோம். பலகாரத்தை நாமே சாப்பிடுவோம்.

2. கொண்டுவரும் கதிரில் பாதியைக் காயவைத்துச் சாக்கில் கட்டி, சித்திரைக்கு எடுத்து வைப்போம்.

3. மாசி முதல் மழை வரும்வரை பூங்காவில் இரண்டு மண்சட்டியில் தினமும் சட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுவோம். பரீட்சை வரும், லீவும் வரும். அதனால் பூங்காவுக்குப் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் முறை வைத்துப் பெயர் எழுதிக்கொள்ளணும். இதற்கு ஆசிரியர்கள் உதவ வேண்டும்.

பெயர் எழுத ஒரு தாளை இந்தப் பக்கத்துக்குக் கீழேயே ஒட்டியிருக்கிறேன். விருந்துக்கு வருகிறேன் என்று சொன்ன எல்லோரும் தண்ணீர் ஊற்றவும் பெயர் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி