உத்தரவாதம் யாருக்கு?

“ஒரு பெட்டி பழுதாகிவிட்டால் இன்னொன்றை வாங்கிக்கொள்வதுதானே? இதற்கும் சமூகப் பிரச்சினைக்கும் என்ன தொடர்பு?” என்று நண்பர் ஒருவர் அண்மையில் என்னைக் கேட்டார். அவரும் ஆசிரியரே, முற்போக்குக் கருத்துக்களில் நாட்டமுடையவரே. ஆதலாலேயே அவருடைய வினாவுக்கு வெளிப்படையாக விடையிறுப்பது கடமையாகின்றது.

நடந்தது இதுதான். எமது பாடசாலையின் பழைய மாணவர் சிலர் பணம் சேர்த்து, ஆங்கில அறைக்கென ஸ்மார்ட் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கித் தந்தனர். கேட்ட கேள்விக்குக் குரலால் விடை கூறும் பெட்டி அது. வீட்டிலே ஆங்கிலம் கேட்கும் வாய்ப்பற்ற பிள்ளைகள், வகுப்பில் வாய் திறக்கக் கூசும் பிள்ளைகள், அதனிடம் கூச்சமின்றிக் கேட்டனர். அது கூறியதைத் திருப்பிக் கூறிப் பழகினர். பதினான்காம் மாதத்தில் ஒரு நாட்காலை விளக்கு எரிந்தது, குரல் வரவில்லை. பற்றுச்சீட்டுடன் விற்ற கடைக்குச் சென்றேன். “ஒரு வருச வாரண்டிதான் சேர். முடிஞ்சு ரண்டு மாசம். இதைத் திருத்திறேல்லை, புதிசு எடுங்கோ” என்றார் ஊழியர். அவர்மீது எனக்குக் கோபமில்லை. தாம் எழுதாத விதியை ஒப்புவிப்பதற்குச் சம்பளம் பெறும் தொழிலாளி அவர்.

பின்னர், நீண்டகாலமாக வானொலி திருத்தும் முதியவர் ஒருவரிடம் சென்றேன். பசையிட்டு மூடிய பெட்டியைப் பொறுமையோடு திறந்து, எரிந்துபோன சிறு சிப் ஒன்றைக் காட்டினார். அதை எங்கும் வாங்க முடியாதென்றார். “மாஸ்ரர், அந்தக் காலத்து வால்வு றேடியோவுக்குள்ளை சேர்க்கிட் படம் ஒட்டிக் கிடக்கும். திருத்திறவன் ஒருத்தன் வருவான் எண்டு செய்தவனுக்குத் தெரியும். இதைச் செய்தவன், அப்பிடி ஒருத்தன் வரக்கூடாது எண்டே செய்திருக்கிறான்.”

முதியவரின் கூற்று வெறும் மனத்தாங்கலன்று. அதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. 1924இல் உலகின் பெரும் மின்குமிழ் உற்பத்தியாளர்கள் ஜெனீவாவில் ‘பீபஸ்’ என்னும் கூட்டை அமைத்தனர். அதற்குமுன் 1,500 முதல் 2,000 மணித்தியாலம்வரை எரிந்த குமிழின் ஆயுளை 1,000 மணித்தியாலமாகக் குறைத்தனர். அவ்வெல்லையைக் கடந்து எரியும் குமிழைச் செய்த கம்பனிக்குத் தண்டம் விதித்தனர். விஞ்ஞானம் போதாமையால் குமிழின் ஆயுள் குறையவில்லை; விஞ்ஞானத்தை இலாபத்தின் ஏவலாளாக்கியே அது குறைக்கப்பட்டது.

அந்தக் குமிழின் இழையாவது குமிழினுள்ளே இருந்தது. பேசும் பெட்டியின் உயிரோ கடல் கடந்த கணினிக் கூடத்தில் இருக்கின்றது. மாணவன் கேட்கும் கேள்வி இணையவழியே அங்கு சென்றுதான் விடையாக மீள்கின்றது. அங்கே கதவடைத்தால், ஒரு சிப்பும் எரியாமலே இங்கே பெட்டி ஊமையாகிவிடும். 2016 மே மாதத்தில் அமெரிக்காவில் ‘ரிவோல்வ்’ என்னும், வீட்டுக் கருவிகளை இயக்கும் 300 டொலர்ப் பெட்டிகள் இவ்வாறே செயலிழந்தன. அதைச் செய்த கம்பனியை 2014இல் விலைக்கு வாங்கிய ‘நெஸ்ட்’ நிறுவனம் சேவையை நிறுத்திற்று, அவ்வளவே. ஒலிபெருக்கி செய்யும் ‘சோனோஸ்’ நிறுவனம் இன்னும் ஒரு படி சென்றது. புதியதற்கு 30 வீதக் கழிவு வேண்டுவோர், நன்கு இயங்கும் தமது பழைய ஒலிபெருக்கியைத் தம் கையாலேயே நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்ய வேண்டுமென விதித்தது. பாவனையாளரின் கண்டனம் வலுத்தபின், 2020இல் அவ்விதி கைவிடப்பட்டது.

இந்நிலையில் உத்தரவாதப் பத்திரம் என்பது யாது? வாங்கியவனுக்கு அளித்த உறுதிமொழி என்று நாம் நம்புகின்றோம். இத்தனை காலம் உழைக்கும் என்று அது கூறவில்லை. இத்தனை காலத்துக்குப்பின் எம்மைத் தேடி வராதே என்றே கூறுகின்றது. அது விற்றவனைக் காக்கும் வேலி. விலை முழுவதையும் செலுத்தியவன் நாம். ஆயினும் பொருளைத் திறக்கவும் திருத்தவும் வேண்டிய அறிவு கம்பனியின் தனியுடைமையாகவே இருக்கின்றது.

“அப்படியாயின் இந்த இயந்திரங்களே வேண்டாம், கரும்பலகை போதும்” என்பாரும் உளர். அது பிற்போக்கு வாதம். பிள்ளைகளின் கூச்சத்தைப் போக்கிய கருவியை நாம் ஏன் பகைக்க வேண்டும்? அது மனித உழைப்பின் பயன். நாம் பகைப்பது அவ்வுழைப்பை ஓராண்டில் குப்பையாக்கும் முறையையே. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 6 கோடியே 20 இலட்சம் தொன் இலத்திரனியல் கழிவைக் குவித்தது. அதில் காற்பங்குகூட முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவில்லை.

எமது நாட்டின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விற்கப்படும் பொருள் விற்பனைக்குரிய தரத்தில் இருத்தல் வேண்டுமென்ற நியதியை அன்றே ஏற்றது. ஆனால் உதிரிப்பாகத்தையோ தொலைதூரக் கணினியையோ அது அறியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல், உத்தரவாதம் முடிந்த பின்னரும் குளிர்சாதனப்பெட்டி, சலவை இயந்திரம், கைத்தொலைபேசி முதலியவற்றைத் திருத்திக்கொடுக்கும் கடப்பாட்டை உற்பத்தியாளர்மீது சுமத்தியது. அன்று வகுத்த பட்டியலிலும் பேசும் பெட்டிக்கு இடமில்லை. கேட்டவர்கள் கேட்டதைப் பெற்றனர், கேளாதது விடுபட்டது.

ஆகவே நாமும் கேட்க வேண்டும். பற்றுச்சீட்டைப் பேணுவோம், கடைக்கு எழுத்தில் முறையிடுவோம், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் எழுதுவோம். ஆனால் தனிமனிதனின் கடிதத்தோடு இது முடியாது. உதிரிப்பாகமும் சுற்றுப்படமும் திருத்துநருக்குக் கிடைக்க வேண்டும். சேவை எந்த ஆண்டுவரை தொடரும் என்பது பெட்டியின்மீதே அச்சிடப்பட வேண்டும் என ஆசிரியர் சங்கங்களும் மாணவர் மன்றங்களும் குரலெழுப்ப வேண்டும்.

இன்னொன்றை வாங்கிக்கொள்ளலாம் என்ற நண்பருக்கு ஒரு வார்த்தை. அப்பெட்டிக்குப் பணம் தந்தவர்களில் மேசன் வேலை செய்பவரும் உண்டு. கடலுக்குப் போகின்றவரும் உண்டு. அவர்களிடம் மீண்டும் கையேந்துவதற்குமுன், விற்றவனிடம் நியாயம் கேட்பதன்றோ முறை?